தாழப் பறக்கும் ஏவுகணை

ஏவுகணை என்றதும் அக்னியும் பிருத்வியுமே நம் நினைவுக்கு வருகின்றன. நெருப்பைக் கக்கியபடி மேலே பாய்ந்து, வளைந்து, இலக்கின் மீது விழும் வகை அது. இங்கே நாம் காணப்போவது வேறு வகை. குரூஸ் ஏவுகணை எனப்படும் இது உண்மையில் விமானி இல்லாத ஒரு சிறு விமானம். இறக்கை உண்டு, காற்றை உறிஞ்சி இயங்கும் எஞ்சின் உண்டு. திரும்பி வருவது மட்டும் கிடையாது.

இந்த இனத்தின் மூதாதை, 1944-இல் ஜெர்மனி லண்டன் மீது ஏவிய வி-1. அதன் மூக்கில் ஒரு சிறு காற்றாடி இருந்தது. அது குறித்த எண்ணிக்கை சுற்றி முடித்ததும் குண்டு தலைகீழாகக் கவிழும். ஒரு நகரத்தைத் தாக்க அது போதும். ஒரு கட்டடத்தைத் தாக்கப் போதாது. 1991 வளைகுடாப் போரில் அமெரிக்காவின் டோமஹாக் அந்தக் குறையைத் தீர்த்துக் காட்டியது. அதே வரிசையில் இந்தியா உருவாக்கியதுதான் 'நிர்பய்'. வடிவமைத்தது பெங்களூரு சி.வி.ராமன் நகரில் உள்ள வானூர்தி மேம்பாட்டு நிறுவனம். அதன் மதிற்சுவரைப் பேருந்தில் கடந்து போகும் நம்மவர்கள் பலர்.

இதன் வேகம் ஒலி வேகத்தில் பத்தில் ஏழு பங்கே. அதாவது மணிக்குச் சுமார் 850 கி.மீ. பயணிகள் விமானத்தின் வேகம்தானே, எளிதில் சுட்டு வீழ்த்திவிடலாமே என்று கேட்கலாம். அது தாழப் பறப்பதே இதற்கு விடை. பூமி உருண்டை, ராடார் அலையோ ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. 20 மீட்டர் உயரக் கம்பத்தில் உள்ள ராடார், 10 கி.மீ. உயரத்தில் வரும் விமானத்தை 430 கி.மீ. தொலைவிலேயே காண முடியும். 50 மீட்டர் உயரத்தில் வருவதை 48 கி.மீ. நெருங்கிய பிறகே காணும். இடையில் குன்று இருந்தால் அதுவும் இல்லை. அந்த 48 கி.மீ.யைக் கடக்க நிர்பய்க்கு மூன்றரை நிமிடம்கூட வேண்டாம்.

தாழப் பறப்பதில் சிரமமும் உண்டு. பாலிஸ்டிக் ஏவுகணையை வழிநடத்தும் வேலை பெரும்பாலும் முதல் சில நிமிடங்களில் முடிந்துவிடும். இதையோ ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நொடிக்கு நொடி நடத்திச் செல்ல வேண்டும். உள்ளே உள்ள ஜைராஸ்கோப்பின் சிறு பிழை நேரம் ஆக ஆகப் பெருகி, ஒரு மணி நேரத்தில் கிலோமீட்டர் கணக்கில் வழியை மாற்றிவிடக்கூடும். ஆகவே செயற்கைக்கோள் குறிப்புகளைக் கொண்டு அவ்வப்போது திருத்திக்கொண்டே போக வேண்டும்.

2013 மார்ச் 12 அன்று ஒடிசாவின் சண்டிபூரில் நடந்த முதல் சோதனையிலேயே ஏவுகணை வழி விலகியதால், பறப்பு நடுவில் முடிக்கப்பட்டது. 2014 அக்டோபரில் 1000 கி.மீ.க்கு மேல் சென்று வெற்றி கண்டது. மறு ஆண்டு 128 கி.மீ.யிலேயே விழுந்தது. 2016-இலும் தோல்வி. 2017 நவம்பரில் 50 நிமிடத்தில் 647 கி.மீ.; 2019 ஏப்ரலில் மீண்டும் வெற்றி. 2020 அக்டோபரில் சில நிமிடங்களிலேயே கோளாறு. இதைப் படித்துவிட்டு ஏளனம் செய்தவர்கள் உண்டு. ராக்கெட் செய்யத் தெரிந்த நாட்டுக்கு இது ஏன் கைவரவில்லை என்பது அவர்கள் கேள்வி. ராக்கெட் அனுபவம் இங்கே புறப்பாட்டுக்கு மட்டுமே உதவும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. திட எரிபொருள் ராக்கெட் உந்திவிட்டுக் கழன்று விழும், இறக்கை விரியும், அந்தரத்தில் எஞ்சின் உயிர்பெற வேண்டும். அதற்குப் பின் எல்லாம் விமானக் கலை.

அந்த எஞ்சின்தான் நெடுநாள் குறையாக இருந்தது. தொடக்கச் சோதனைகளில் பொருத்தப்பட்டது ரஷ்யாவில் செய்தது. சிறிய டர்போஃபேன் எஞ்சினைச் செய்வது பெரியதைச் செய்வதைவிடச் சுலபம் என்று தோன்றும். அப்படியல்ல. சுழலும் இதழ்களின் நுனிக்கும் உறைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி வேண்டும். எஞ்சின் சிறுத்தாலும் அந்த இடைவெளியை அதே விகிதத்தில் சிறுக்க வைக்க முடியாது. அதன் வழியே காற்று கசியும், விசை குறையும், எரிபொருள் வீணாகும். வெளிநாட்டில் வாங்கலாம் என்றால், நெருக்கடி நேரத்தில் விற்பவர் கதவை மூடிவிட்டால் ஏவுகணை வெறும் உலோகக் குழாய்தான்.

பெங்களூருவின் எரிவாயு விசையாழி ஆய்வு நிறுவனம் இதற்கென ஓர் எஞ்சினை உருவாக்கியது. பெயர் 'மாணிக்', நம் மாணிக்கமேதான். 2024 ஏப்ரல் 18 அன்று நாட்டிலேயே உருவான உந்துவிசையுடன் ஒரு குரூஸ் ஏவுகணை சண்டிபூரிலிருந்து புறப்பட்டது. குறித்த திருப்பங்களில் திரும்பி, கடல் மட்டத்தை ஒட்டித் தாழப் பறந்தது. விமானப் படையின் சுகோய் விமானமும் அதைக் கண்காணித்தது. அதே ஆண்டு நவம்பர் 12 அன்று, தரை இலக்குகளைத் தாக்கும் நெடுந்தூர குரூஸ் ஏவுகணையின் முதல் பறப்பு, நடமாடும் ஏவு வண்டியிலிருந்து நடந்தது. கப்பலிலிருந்தும் ஏவும்படி அது அமைக்கப்பட்டுள்ளது. உருவாக்கத்திலும் தயாரிப்பிலும் பங்கேற்பவை ஹைதராபாத்தின் பாரத் டைனமிக்ஸ், பெங்களூருவின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ்.