'ஸீஸ்', 'டிசிஸ்ட்': நிறுத்தப்பொருள் தரும் ஆங்கில வினைகளும் தமிழாக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலச் சட்டவழக்கில் 'ஸீஸ்', 'டிசிஸ்ட்' என்னும் இரு வினைகள் இணைந்து வருகின்றன. இரண்டிற்கும் 'நிறுத்து' என்றே பொருள் கொள்வது எளிது. ஆயினும், முன்னது நிகழும் செயலின் முடிவையும், பின்னது செய்வோன் அச்செயலிலிருந்து தன்னை விலக்கிக்கொள்ளுதலையும் முதன்மையாகச் சுட்டுகின்றன. சொற்பிறப்பு, எழுவாய், சட்டவழக்கு ஆகியவற்றின் வழி இவ்வேறுபாட்டை ஆராயும் இக்கட்டுரை, பின்னதன் பொருளைத் தமிழில் எதிர்மறை வினைவடிவமே முழுமையாக உணர்த்தும் என நிறுவுகிறது.

கருச்சொற்கள்: நிறுத்தப்பொருள் வினைகள், இணைச்சொற்கள், எதிர்மறைத் தொழிற்பெயர், துணைவினை, சட்டத்தமிழ்

முன்னுரை

ஓர் ஆணையைப் பெறுபவர் அதிலிருந்து அறிய வேண்டுவன இரண்டு: இப்போது எதை முடிக்க வேண்டும் என்பது ஒன்று, இனி எதைச் செய்யலாகாது என்பது மற்றொன்று. ஆங்கிலத்தில் இவ்விரண்டையும் தாங்கி நிற்பது 'ஸீஸ் அண்ட் டிசிஸ்ட்' என்னும் தொடர். இதனை 'நிறுத்துக' என்னும் ஒரு சொல்லால் பெயர்த்தால் இரண்டாம் கூறு மறைகிறது. 'நிறுத்திவைக்க' என்று பெயர்த்தால் பொருளே திரிகிறது.

சொற்பிறப்பு

'ஸீஸ்' இலத்தீன் 'செஸாரே' என்பதிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற்கு வந்தது. இது 'விட்டுக்கொடு, பின்வாங்கு' எனப் பொருள்படும் 'செதெரே' என்னும் வினையினின்று கிளைத்ததாகும். 'டிசிஸ்ட்' என்பதும் பிரெஞ்சு வழி வந்ததே. அதன் இலத்தீன் மூலமான 'தேசிஸ்தெரே', 'விலகல்' உணர்த்தும் முன்னொட்டும் 'நிற்றல், நிற்கச்செய்தல்' உணர்த்தும் வினையும் சேர்ந்தமைந்தது. 'விலகி நில்' என்பதே அதன் மூலப்பொருள். தமிழ் 'நில்' என்பதும் எழுந்து நிற்றலையும் இயக்கம் ஓய்தலையும் ஒருங்கே உணர்த்துவது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

ஆங்கிலச் சட்ட இணைச்சொற்கள் சில, இருமொழிச் சூழலில் பிறந்தவை. 'வில் அண்ட் டெஸ்டமென்ட்' என்பதில் முதற்சொல் பழைய ஆங்கிலத்திற்கும் அடுத்தது இலத்தீனுக்கும் உரியன. இங்கு ஆராயப்படும் இரண்டும் பிரெஞ்சு வழி வந்த இலத்தீன் சொற்களே ஆதலின், இருமொழிக் காரணம் இவற்றிற்குப் பொருந்தாது. 1963இல் வெளிவந்த 'சட்டத்தின் மொழி' குறித்த நூலில் டேவிட் மெலின்காஃப், சட்டநடையில் சொற்கள் வீணே அடுக்கப்படுவதைக் கண்டித்தார். அக்கண்டனம் இத்தொடருக்கும் முற்றாகப் பொருந்துமா என்பது பொருள் வேறுபாட்டைக் கண்டபின்னரே முடிவுசெய்யத்தக்கது.

எழுவாயும் வேற்றுமையும்

அகராதிகள் பெரும்பாலும் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை விளக்குகின்றன. வழக்கிலோ வேறுபாடு புலப்படுகிறது. 'ஸீஸ்' உயர்திணை, அஃறிணை ஆகிய இருவகை எழுவாயையும் ஏற்கும். மழையும் ஓசையும் 'ஸீஸ்' ஆகும். 'டிசிஸ்ட்' என்பதற்கோ மனமறிந்து செயற்படும் எழுவாய் இன்றியமையாதது. தமிழில் 'மழை ஓய்ந்தது' என்பது இயல்பு; 'மழை பெய்வதைத் தவிர்த்தது' என்பது இயல்பன்று.

'டிசிஸ்ட்' நீங்கற்பொருள் உணர்த்தும் முன்னிடைச்சொல்லுடன் வருவது பெருவழக்கு. தமிழில் இது ஐந்தாம் வேற்றுமையின் நீங்கற்பொருளோடு ஒக்கும். 'நிறுத்து' என்னும் தமிழ் வினை தன் செயலையும் பிறர் செயலையும் செயப்படுபொருளாக ஏற்கும்: 'பேச்சை நிறுத்தினார்', 'பேருந்தை நிறுத்தினார்'. 'டிசிஸ்ட்' தன் செயலினின்று நீங்குதலையே குறிக்கும்.

மேலும், 'ஸீஸ்' என்பது முன்பு நிகழ்ந்துகொண்டிருந்த ஒன்றை வேண்டி நிற்கிறது. மீண்டும் நிகழாது என்னும் உறுதியை அது தருவதில்லை. அவ்வினையால் அமைந்த 'ஸீஸ்ஃபயர்' என்பதும் அதன் தமிழாக்கமான 'போர்நிறுத்தம்' என்பதும் போர் மீளத் தொடங்காது என உணர்த்துவன அல்ல.

சட்டவழக்கு

அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையச் சட்டம் (1914), தேசியத் தொழிலுறவுச் சட்டம் (1935) ஆகியன இவ்விணைத்தொடரை ஆணைக்குரிய வாய்பாடாகவே கையாளுகின்றன. நிறுத்தியது மட்டும் போதாது என்பதை 1953ஆம் ஆண்டின் டபிள்யூ. டி. கிராண்ட் வழக்கு காட்டுகிறது. எதிர்வாதி தானாகவே செயலை நிறுத்திவிட்டாலும், பழைய வழிக்குத் திரும்பும் உரிமை அவரிடம் எஞ்சியிருப்பதால், வழக்கை விசாரிக்கும் அதிகாரம் நீதிமன்றத்திற்கு நீங்குவதில்லை என அமெரிக்க உச்சநீதிமன்றம் கருதியது. முடிவுறுதலும் விலகியிருத்தலும் வேறென்பதே இதன் உட்கிடை.

இந்தியச் சட்டங்களிலும் இவ்வேறுபாடு உண்டு. 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம், 27ஆம் பிரிவில், போட்டிக்கு எதிரான உடன்பாட்டைக் கைவிடுமாறும் அதில் மீண்டும் ஈடுபடாதிருக்குமாறும் பணிக்க இடமளிக்கிறது. இணைத்தொடரின் இரு கூறுகளும் இங்கு எளிய சொற்களாக விரிந்துள்ளன. செபி சட்டத்தில் 2002இல் சேர்க்கப்பட்ட 11டி பிரிவோ இணைத்தொடரையே ஆள்கிறது. விதியை மீறியவர்க்கு மட்டுமன்றி, மீறக்கூடியவர்க்கும் அது பொருந்தும். இன்னும் தொடங்காத செயலை நிறுத்துதல் இயலாது; அதனைச் செய்யாதிருத்தலே இயலும். எனவே இத்தொடரில் பின்னது வெற்றடுக்கன்று.

தமிழாக்கம்

தமிழில் 'நிறுத்திவிடு' என்பதில் துணைவினை முற்றுமையை உணர்த்துகிறது. 'நிறுத்திவை' என்பதில் வரும் 'வை', செயல் பின்னர்த் தொடரலாம் என்னும் குறிப்பைத் தருவதால் இடைக்கால நிறுத்தத்திற்கே உரியது. நிலையான தடையாணையில் இதனை ஆள்வது, ஆணை பெற்றவர் தம் கடமையைத் தற்காலிகமானதாகக் கருத வழிவகுக்கும்.

'டிசிஸ்ட்' என்பதன் பொருளுக்கு அண்மையில் நிற்பது 'செய்யாதிரு' என்னும் வடிவம். இதில் எதிர்மறை, செயலின்மையையும், 'இரு' என்னும் துணைவினை அந்நிலையின் தொடர்ச்சியையும் உணர்த்துகின்றன. இவ்வகை எதிர்மறைச் சிந்தனை தமிழுக்குப் புதிதன்று. திருக்குறள் 'கள்ளாமை', 'வெகுளாமை', 'கொல்லாமை', 'கள்ளுண்ணாமை' என எதிர்மறைத் தொழிற்பெயர்களால் அதிகாரங்களுக்குப் பெயரிடுகிறது. 'கள்ளாமை' முன்பு களவு செய்தவனுக்கும் ஒருபோதும் செய்யாதவனுக்கும் ஒருங்கே உரிய அறம். 'களவை நிறுத்துதல்' முன்னவனுக்கு மட்டுமே உரியது.

முடிவுரை

'ஸீஸ்' செயலின் முடிவையும் 'டிசிஸ்ட்' செய்வோனின் விலகலையும் முதன்மைப்படுத்துகின்றன. பொதுவழக்கில் இவை ஒன்றையொன்று தழுவினும், சட்டத்தொடரில் நிகழ்காலக் கடமை, எதிர்காலக் கடமை என இருவேறு பணிகளை ஏற்கின்றன. இவ்விணைக்குத் தமிழில் இரு ஒருபொருட் பன்மொழிகளைத் தேடுவதினும், உடன்பாட்டு வினையையும் எதிர்மறை வினையையும் இணைத்து 'நிறுத்துக. மீளவும் செய்யாதிருக்க' என்பதே தகும். செயல் இன்னும் தொடங்கப்பெறாத நிலையில் 'செய்யாதிருக்க' என்னும் பிற்கூறு மட்டுமே போதும். ஆணை பெறும் எளிய குடிமகனுக்கும் தன் கடமையின் எல்லை ஐயமின்றி விளங்குவதற்கு இவ்வடிவம் துணைசெய்யும்.