பழைய வண்டியை விற்றுக் கல்லூரிக் கட்டணம் கட்டுவது எப்படி? சித்தூர், திருப்பதி குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மே மாதம் வந்துவிட்டால் சித்தூர்ப் பக்கம் இரண்டே பேச்சுதான்: மாங்காய் விலை, எம்செட். இந்த நுழைவுத் தேர்வின் பெயர் 2021-இல் ஈஏபிசெட் என்று மாறிவிட்டது; வீடுகளில் இன்னும் எம்செட்தான். ரேங்க் வந்த பிறகு மூன்றாவது பேச்சு ஒன்று வீட்டுக்குள் தாழ்ந்த குரலில் ஆரம்பிக்கும். "வண்டியைக் கொடுத்துடலாமா?" ஆர்எக்ஸ் 100, பஜாஜ் சேத்தக், மாருதி 800 என்று வீட்டுக்கு வீடு வண்டி வேறு. ஆனால் அதைத் துடைத்து நிறுத்தியவர்களுக்கு அது வீட்டு ஆள்.

இந்த வழிகாட்டி முதல் முறையாக ஒரு வண்டியை விற்கப்போகிறவர்களுக்கானது. வண்டியைக் கொடுத்துப் பணத்தை வாங்குவது அரை நாள் வேலை. ஆர்சியில் இருந்து உங்கள் பெயர் போனால்தான் விற்பனை முடிந்ததாகக் கணக்கு. ஆந்திராவில் இது பிள்ளையின் கட்டணச் சலுகை வரைக்கும் போய்த் தொடுகிற விஷயம்.

படி 1: எவ்வளவு குறைகிறது என்று முதலில் பாருங்கள்

வண்டியை விற்கும் முன் ஒரு தாளில் நான்காண்டுச் செலவையும் எழுதுங்கள். கல்லூரிக் கட்டணம், விடுதி, சாப்பாடு, பஸ், லேப்டாப் எல்லாம் தனித்தனியாக.

ஆந்திரப் பொறியியல் கல்லூரிகளில் கவுன்சலிங் வழியாக நிரப்பும் கன்வீனர் கோட்டா 70 சதவீதம், மேனேஜ்மென்ட் கோட்டா 30 சதவீதம். அரசின் கட்டண மீட்புத் திட்டம் கன்வீனர் கோட்டாவில் சேர்ந்தவர்களுக்குத்தான். கன்வீனர் சீட்டும் வருமானச் சான்றும் இருந்தால் டியூஷன் கட்டணத்தின் பெரும்பகுதி உங்கள் தலையில் விழாமல் போகலாம். ஆனால் அரசுப் பணம் தவணை தவணையாக, பல நேரம் தாமதமாகத்தான் வரும். அதுவரை பெற்றோர் கட்ட வேண்டுமா என்று சேருமுன்பே கல்லூரி அலுவலகத்தில் நேராகக் கேளுங்கள். பல குடும்பங்களில் வண்டி விலைபோவது இந்த இடைவெளியை அடைக்கத்தான்.

பிள்ளைக்குத் திருப்பதி ஐஐடியில் இடம் கிடைத்திருந்தால் வண்டியை அவசரப்பட்டுத் தொடாதீர்கள். ஐஐடிகளில் குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குள் என்றால் டியூஷன் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. 1 முதல் 5 லட்சம் வரை என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு முழுத் தள்ளுபடி. திருப்பதியில் எஸ்.வி. ஆர்ட்ஸ், பத்மாவதி மகளிர் கல்லூரி போன்ற தேவஸ்தானக் கல்லூரிகளில் பட்டப்படிப்புக்கு ஆகும் செலவும் தனியார் கல்லூரிச் செலவும் ஒன்றல்ல. அந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது கல்விக்கடன். வங்கிகளின் பொதுவான திட்டத்தில் 4 லட்சம் வரை அடமானமும் இல்லை, நம் கையிலிருந்து போட வேண்டிய பங்கும் இல்லை. 2024 நவம்பரில் மத்திய அரசு அறிவித்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள கல்லூரிகளில் சேர்ந்தவர்களுக்கு அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு.

என் கருத்து இது: வண்டியை ஒரு தடவைதான் விற்க முடியும், கட்டணம் நாலு வருஷமும் வரும். எனவே வண்டிப் பணத்தைச் சேர்க்கைக் கட்டணம், விடுதி முன்பணம், லேப்டாப் மாதிரி ஒரே முறை வரும் செலவுக்கு ஒதுக்குங்கள். ஆண்டுதோறும் வருவதைக் கடனிலும் உதவித்தொகையிலும் வையுங்கள்.

பால் கேன் கட்டிப் போகும் வண்டி, மார்க்கெட்டுக்குப் பூ ஏற்றிப் போகும் வண்டி என்றால் விற்கவே வேண்டாம். அந்த வண்டி போனால் இரண்டாம் ஆண்டுக் கட்டணமும் அதோடு போய்விடும்.

படி 2: விற்பது காரா? அப்படியானால் இதைக் கட்டாயம் படியுங்கள்

2019-இல் ஜெகனண்ணா வித்யா தீவெனா என்ற பெயரில் கட்டண மீட்பு நடந்தபோது, குடும்பத்தில் யார் பெயரிலாவது நாலு சக்கர வண்டி இருந்தால் தகுதியில்லை என்று விதி இருந்தது. டாக்ஸி, ஆட்டோ, டிராக்டருக்கு விலக்கு இருந்தது. ஆதாரை வைத்துப் போக்குவரத்துத் துறைப் பதிவேட்டைச் சரிபார்த்தார்கள். காரை எப்போதோ விற்றுவிட்டு, பெயர் மாற்றாமல் விட்டவர்களுக்கு இது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். கார் வேறு யார் வீட்டு வாசலிலோ நிற்கும், பதிவேட்டில் அது உங்களுடையது, பிள்ளையின் விண்ணப்பம் தள்ளுபடி.

2024-இல் ஆட்சி மாறியபின் திட்டத்தின் பெயர் மாறிவிட்டது. இந்த ஆண்டு விதி என்ன என்று உங்கள் கிராம அல்லது வார்டு சச்சிவாலயத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எப்படியானாலும் காரை விற்பவர் பெயர் மாற்றத்தை உதவித்தொகை விண்ணப்பத்துக்கு முன் முடித்துவிடுவது நல்லது.

படி 3: பேப்பரை மே மாதமே எடுத்து வையுங்கள்

கவுன்சலிங்கில் இடம் ஒதுக்கியபின் கல்லூரியில் போய் ரிப்போர்ட் செய்யச் சில நாட்கள்தான் தருவார்கள். வேலூர் விஐடி மாதிரி நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் கடைசித் தேதி அதைவிட முன்னாலேயே வந்துவிடும். அந்த வாரத்தில் ஆர்சியைத் தேடி அலைந்தால், வாங்க வருபவர் உங்கள் முகத்தைப் பார்த்தே விலையைக் குறைத்துவிடுவார். ஹால் டிக்கெட் வந்த அன்றே வண்டிப் பேப்பரையும் எடுத்துப் பாருங்கள்.

பதிவு உயிரோடு இருக்கிறதா? சொந்த உபயோக வண்டிக்கு முதல் பதிவு 15 ஆண்டு. பிறகு வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கட்டணத்தை உயர்த்திவிட்டது: 20 ஆண்டு தாண்டிய பைக்குக்கு 2,000 ரூபாய், காருக்கு 10,000 ரூபாய். மாநிலத்தின் பசுமை வரி தனி. டெல்லியில் பழைய வண்டிகளுக்குத் தடை என்ற செய்தியைக் காட்டி விலையைக் குறைக்க வருபவரிடம், அது அந்தப் பகுதிக்கான உத்தரவு என்று சொல்லிவிடுங்கள்.

கடன் போட்டு வாங்கிய வண்டியா? தவணை முடிந்து பத்து வருஷம் ஆகியிருந்தாலும் ஆர்சியில் ஃபைனான்ஸ் பெயர் அப்படியே இருக்கும். வங்கியில் என்ஓசி வாங்கி, படிவம் 35 கொடுத்து அதை நீக்க வேண்டும்.

அபராத சலான் பாக்கி இருக்கிறதா என்று ஆன்லைனில் பாருங்கள். இன்சூரன்ஸ், புகைச் சான்று இரண்டும் கரண்ட்டில் இருக்க வேண்டும். சேஸி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் பென்சில் தேய்த்து அச்செடுத்து ஆர்சியோடு ஒப்பிடுங்கள். பழைய பைக்குகளில் எப்போதோ எஞ்சின் மாற்றிப் பதிவு செய்யாமல் விட்டிருப்பார்கள். அது விற்கிற அன்று தெரிய வந்தால் பேரம் அங்கேயே நின்றுவிடும்.

வண்டி இறந்துபோன அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ இருந்தால் நேராக விற்க முடியாது. இறப்புச் சான்று, குடும்ப உறுப்பினர் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் ஆகியவற்றுடன் படிவம் 31 கொடுத்து முதலில் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். இதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும், ஆகவே இதை முதலில் தொடங்குங்கள். அண்ணன் தம்பிகளிடம் கையெழுத்து வாங்கப் போகும்போது, பணம் எதற்கு என்பதைத் திறந்து சொல்லிவிடுங்கள். பிள்ளையின் படிப்புக்கு என்றால் மறுப்பவர்கள் குறைவு.

2022 ஏப்ரல் 4-ஆம் தேதி சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி தனி மாவட்டமானது. உங்கள் முகவரி இப்போது எந்தப் போக்குவரத்து அலுவலகத்தின் கீழ் வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: விலை

உங்கள் மெக்கானிக்கிடம் போங்கள், ஆனால் அவரிடமே விற்றுத் தரச் சொல்லாதீர்கள். எஞ்சின், டயர், பேட்டரி எப்படி இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். பிறகு அதே மாடல், அதே வருடத்து வண்டிக்கு இரண்டு மூன்று ஆட்டோ கன்சல்டன்சிகளில் விசாரியுங்கள்.

எல்லாப் பழைய வண்டியும் ஒன்றல்ல. சாதாரண நூறு சிசி பைக்குக்கு வயது ஏற ஏற விலை இறங்கும். ஆர்எக்ஸ் 100 கதை வேறு. 1985-இல் வந்து 1996-இல் உற்பத்தி நின்றுபோன இந்த 98 சிசி டூ-ஸ்ட்ரோக் வண்டியை இன்று தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கம்பெனி பெயின்ட், பழைய டேங்க், ஒரிஜினல் சைலன்சர் இருந்தால் அவற்றைத் தொடாதீர்கள். விற்கிறோமே என்று புது பெயின்ட் அடித்தால் அந்த வண்டியின் மதிப்பு குறையும். மைசூரில் செய்த பழைய ஜாவா, யெஸ்டிக்கும் இதே யோசனைதான். கழுவுங்கள், செயினுக்கு எண்ணெய் போடுங்கள், பிரேக்கைச் சரிசெய்யுங்கள், போதும்.

உங்கள் எண் ஏபி 03 என்று தொடங்குகிறதா? அது பழைய சித்தூர் மாவட்டத்தின் எண். 2019-இலிருந்து மாநிலம் முழுவதற்கும் ஏபி 39 என்று பொது வரிசை வந்துவிட்டதால் புது வண்டிகளுக்கு 03 கிடைப்பதில்லை. இதற்காக யாரும் கூடுதலாகப் பணம் தரமாட்டார்கள். ஆனால் நம்பர் பிளேட்டைப் பார்த்தே ஊரைச் சொல்லிய காலத்து வண்டியைத்தான் கொடுக்கிறோம் என்பது எனக்குக் கொஞ்சம் வலிக்கும்.

படி 5: யாரிடம் விற்பது?

தெரிந்த ஆளிடம் விற்றால் வண்டி எங்கே இருக்கிறது என்பது தெரியும். ஆனால் "சொந்தக்காரன்தானே, மெதுவா மாத்திக்கறேன்" என்று பெயர் மாற்றம் ஆண்டுக்கணக்கில் இழுப்பதும் இங்கேதான். உறவு என்பதற்காகப் பேப்பரைத் தள்ளிப் போடாதீர்கள்.

கன்சல்டன்சியில் கொடுத்தால் பணம் உடனே வரும், விலை குறையும். பழைய வழக்கப்படி தேதி போடாத படிவங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அடுத்து வாங்குபவர் பெயரில் நேராக மாற்றுவார்கள். இடையில் எத்தனை கை மாறினாலும் பதிவேட்டில் நீங்கள்தான். இதற்கு 2023 ஏப்ரல் 1 முதல் ஒரு வழி இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியைக் கொடுக்கும்போது படிவம் 29சி மூலம் போக்குவரத்துத் துறைக்குத் தெரிவித்துவிட்டால், அன்றிலிருந்து பொறுப்பு டீலருடையது. கடைக்குள் போனதும் அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேறு கடைக்குப் போங்கள்.

வேலூர்க்காரர் வாங்க வந்தால்? அது வேறு மாநிலம். உங்கள் அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்து என்ஓசி வாங்கித் தர வேண்டும். அங்கே மறுபதிவும் தமிழ்நாட்டு வரியும் அவர் செலவு. பேரம் பேசும்போதே இதைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பிறகு விலையில் கழிக்கச் சொல்லிக் கேட்பார்கள்.

பேரத்தில் உண்மையைச் சொல்லுங்கள். கீழே விழுந்த வண்டி என்றால் விழுந்தது என்று சொல்லுங்கள். காணிப்பாக்கத்துப் பிள்ளையார் முன் சத்தியம் செய்யக் கூப்பிட்டாலும் தயங்காமல் போகிற மாதிரி பேசினால் போதும், பாதி பேரம் முடிந்த மாதிரி.

படி 6: கொடுக்கிற நாள்

பணம் முதலில், சாவி பிறகு. வங்கிக் கணக்குக்கு வந்தால் நல்லது. யுபிஐயில் ஒரு நாளைக்குப் பொதுவாக 1 லட்சம்தான் போகும் என்பதை நினைவில் வையுங்கள். காருக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு.

டெலிவரி நோட் இரண்டு பிரதி எழுதுங்கள். தேதி மட்டும் போதாது, மணியும் நிமிடமும் வேண்டும். அந்த நிமிடத்துக்குப் பின் நடப்பதற்கு வாங்கியவர் பொறுப்பு என்று எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். வாங்குபவரின் ஆதார் நகலில் அவர் கையெழுத்து, அவருடன் வண்டி நிற்கும் ஒரு போட்டோ. படிவம் 29, 30 இரண்டையும் முழுவதும் நிரப்பித் தேதி போட்டே கையெழுத்திடுங்கள். காரில் ஃபாஸ்டேக் இருந்தால் அன்றே மூடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவர் கடக்கும் சுங்கச்சாவடிக்கு உங்கள் கணக்கில் பணம் போகும். இன்சூரன்ஸில் நோ கிளெய்ம் போனஸ் சேர்ந்திருந்தால் அதற்கான சான்றைக் கேட்டு வாங்கிவையுங்கள்.

வண்டியைக் கொடுப்பதற்கு முந்தின மாலை வீட்டில் எல்லோரும் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். புதிதாக வாங்கியபோது காணிப்பாக்கத்தில் பூஜை போட்ட வண்டியென்றால் அங்கேயே போய்வரலாம். பிள்ளையும் கூட வரட்டும். ஆனால் "உனக்காகத்தான் விற்கிறேன்" என்ற வார்த்தை மட்டும் உங்கள் வாயிலிருந்து வர வேண்டாம். முதல் செமஸ்டரில் ஒரு பேப்பர் போனால் அந்த வார்த்தை அந்தப் பிள்ளையைத் தூங்கவிடாது. செலவுக் கணக்கைக் காட்டுங்கள், முடிவில் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதினெட்டு வயதில் அது புரியும்.

படி 7: பெயர் போகும்வரை விடாதீர்கள்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 50-இன்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வெளி மாநிலம் என்றால் 45 நாள். வாங்கியவருக்கு 30 நாள். அவர் போகிறாரோ இல்லையோ, உங்கள் பங்கான படிவம் 29-ஐ நீங்கள் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

எதற்கு இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கார் கைமாறிக் கைமாறிப் போயிருந்தது, விபத்து நடந்தது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், இழப்பீடும் அவர் பொறுப்பு என்றது நீதிமன்றம். படிப்புக்காக வண்டியை விற்ற குடும்பத்தின் மேல் இப்படி ஒரு சுமை விழவே கூடாது.

இன்னொன்று. முதல் சுற்றில் கட்டணம் கட்டிச் சேர்ந்தபின் அடுத்த சுற்றில் வேறு நல்ல கல்லூரி கிடைத்தால், வண்டி விற்ற பணம் போய்விட்டதே என்று பழைய இடத்திலேயே இருந்துவிடாதீர்கள். ஏஐசிடிஇ விதிப்படி, குறிப்பிட்ட கடைசித் தேதிக்குள் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது, மீதியைத் திருப்பித் தர வேண்டும். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கவும் கூடாது.

ஒரு மாதம் கழித்து, வாகனப் பதிவு விவரம் தரும் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயர் மாறியிருந்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்து, டெலிவரி நோட்டுடனும் படிவம் 29 ஒப்புகையுடனும் பிள்ளையின் உதவித்தொகைக் கோப்பில் வையுங்கள். மாறவில்லையென்றால் வாங்கியவருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதமும், அதன் நகலோடு போக்குவரத்து அலுவலகத்துக்கு ஒரு மனுவும் அனுப்புங்கள். பெயர் மாறும்வரை மாதம் ஒரு முறை அந்த எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள்.