மண்ணடியில் வாழும் காலிலாப் பிராணி

நீர்நில வாழ்வன என்னும் வகுப்பு மூன்று வரிசைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. தவளை, தேரை ஆகியவை ஒரு வரிசை. வாலும் கால்களும் உடைய சாலமாண்டர்கள் மற்றொன்று. கால்களே இல்லாத சிசிலியன்கள் மூன்றாவது. இந்தியாவில் சாலமாண்டர்கள் கிழக்கு இமயத்திலும் வடகிழக்கு மலைகளிலும் மட்டுமே காணப்படுகின்றன. திருவனந்தபுரத்துக் காடுகளில் அவற்றைக் காண இயலாது. ஆயின், அங்குள்ள ஈரமண்ணைக் கிளறினால் அவற்றின் உறவினமாகிய சிசிலியனைக் காணலாம்.

முதற் பார்வையில் இது பெரிய மண்புழுவைப் போலவே தோன்றும். உடலைச் சுற்றி வளையங்களும் உண்டு. எனினும், மண்புழுவுக்கு இல்லாத முதுகெலும்பும் தாடைகளும் பற்களும் இதற்கு உள்ளன. பாம்பின் உலர்ந்த செதிற்போர்வை இதற்கில்லை. தோல் ஈரமும் வழவழப்பும் உடையது. அத்தோலின் வழியாகவும் இது சுவாசிப்பதால், மண் வறண்டால் உயிர்வாழ்தல் அரிதாகும்.

இருளில் வாழும் இதற்குக் கண்களால் பயன் மிகக் குறைவு. கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் இடையே, பக்கத்திற்கு ஒன்றாகச் சிறிய உணரிழைகள் அமைந்துள்ளன. அவற்றை வெளியே நீட்டி, மணத்தையும் தொடுதலையும் அறிந்து இது இரை தேடுகிறது. உறுதியான மண்டையோடே மண்ணைத் துளைக்கும் கருவியாகும்.

கேரளத்தின் தென்பகுதியில் வாழும் ஜெகெனியோபிஸ் ராமசுவாமி என்னும் இனத்தை அமெரிக்க அறிஞர் எட்வர்டு டெய்லர் 1964-ஆம் ஆண்டில் விவரித்தார். அப்பெயர் இந்திய விலங்கியலறிஞர் எல். எஸ். ராமசுவாமியைக் குறிப்பதாகும். மண்புழுக்களும் கறையான்களும் இதற்கு உணவாகும்.

இனப்பெருக்கத்திலும் வேறுபாடுகள் உண்டு. இக்தியோபிஸ் என்னும் சிசிலியன் நீர்நிலைக்கருகே ஈரமண்ணில் முட்டையிடுகிறது. தாய் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு காவல் காக்கிறது. பொரித்து வெளிவரும் இளவுயிர்கள் நீரை அடைந்து சிலகாலம் வாழ்கின்றன. ராமசுவாமி இனத்திலோ நீர்வாழ் இளம்பருவமே இல்லை. வளர்ச்சி முழுவதும் முட்டைக்குள் முடிந்து, குஞ்சு தாயின் உருவத்திலேயே வெளிவருகிறது. ஆகவே, இதற்கு ஓடையும் குளமும் தேவையில்லை. ஈரம் குன்றாத மண் போதுமானது.

மண்வெட்டியில் அகப்படும் சிசிலியனைப் பாம்புக்குட்டி என்று கருதி அடித்துக் கொல்வோர் பலர். இது மனிதரைத் தேடித் தீண்டும் பிராணியன்று. ஆதலின், இதனைக் காண்போர் ஈரமண்ணால் மூடி, இலைச்சருகைப் பரப்பிவிடுதல் நன்று. சருகு நீங்கி நிலம் காய்ந்தால், இவ்வினத்தின் வீடே அழிந்ததாகும்.