எதிராளிக்கும் வசனம் கொடு

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய உன் படத்தின் ரஃப் கட்டைப் பார்த்தேன். அமெரிக்கக் கொடி, முகமூடி, முகத்தில் வழியும் சாயம், பின்னணியில் விளம்பரக் குரல்கள். உழைப்பு தெரிகிறது. ஆனால் அதில் நீ எங்கே இருக்கிறாய்?

ஹவார்டினா பிண்டெல் 1980இல் எடுத்த ‘ஃப்ரீ, வைட் அண்ட் 21’ வீடியோவைத் தேடிப் பார். 12 நிமிடம்தான். அருவ ஓவியராக அறியப்பட்ட கறுப்பினப் பெண் அவர். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 12 ஆண்டு வேலை பார்த்துவிட்டு 1979இல் விலகினார். அதே ஆண்டு கார் விபத்தில் தலையில் அடிபட்டு நினைவுகள் சில அழிந்துபோயின.

படத்தில் அவர் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார். மழலையர் பள்ளியில் தூக்க வேளையில் கழிப்பறைக்குப் போகக் கேட்டதற்காக ஆசிரியை அவரைப் படுக்கையோடு கட்டிப்போட்டது. உயர்நிலைப் பள்ளியில், மதிப்பெண் குறைந்த வெள்ளை மாணவர்களே மேலே போவார்கள் என்று சொல்லி மேம்பட்ட வகுப்பில் சேர்க்க மறுத்தது. இதையெல்லாம் சொல்லும்போது அழுகை கிடையாது. நடுநடுவே வெள்ளைத் துணியைத் தலையில் சுற்றிக்கொள்கிறார்.

இடையிடையே பொன்னிற விக்கும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு வெள்ளைக்காரி வந்து, இதெல்லாம் உன் பிரமை, எனக்கு இப்படி எதுவும் நடந்ததில்லையே என்கிறாள். நாங்கள் ஒப்புக்கொண்டால்தான் உன் குறியீடுகள் செல்லும் என்கிறாள். அவளும் பிண்டெல்தான்! எனக்கு இந்தப் படத்தில் மிகப் பிடித்தது இதுதான். பார்க்கச் சிரிப்பு வரும், கேட்கக் கூசும்.

இன்னொன்று. இந்த வீடியோ 1980இலேயே ஏ.ஐ.ஆர். கேலரியில், கலைஞர் ஆனா மெந்தியெத்தா பங்கெடுத்து அமைத்த கண்காட்சியில் காட்டப்பட்டது. பெண் கலைஞர்கள் நடத்திய கேலரி அது. 1972இல் அதைத் தொடங்கியவர்களில் பிண்டெலும் ஒருவர். முகம் தெரியாத ‘அமெரிக்கா’வை நோக்கி அவர் பேசவில்லை. கூடவே உழைத்த வெள்ளைப் பெண்ணியவாதிகளை நோக்கிப் பேசினார். அதற்கு அதிகத் துணிச்சல் வேண்டும்.

இப்போது உன் கதைக்கு வருவோம். ஒரு கண்காட்சித் திறப்பு விழாவில் யாரோ உன்னைப் பரிமாறுபவள் என்று நினைத்துக் காலிக் கோப்பையை நீட்டியதாகவும், இதைப் போய்ப் பெரிசுபண்ணாதே என்று தோழி சிரித்ததாகவும் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். படத்தில் அது இல்லையே! கொடியை வெட்டு. கோப்பைக் கதையைச் சொல். தோழியாகவும் நீயே நடி. அவள் பக்கமும் நியாயம் இருக்குமோ என்று பார்ப்பவருக்கு ஒரு கணமாவது தோன்ற வேண்டும். முடித்ததும் முதல் திரையிடலுக்கு அவளையே கூப்பிடு.

அன்புடன்,
அண்ணன்