கடைசிக் கிளிக்குக்கு முன்னால்

அன்புள்ள தங்கைக்கு,

இணையக் கடை ஒன்றின் தரவுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாய். மகிழ்ச்சி. எந்த விளம்பரத்தால் எவ்வளவு விற்றது என்று நீ தரும் அட்டவணையைப் பார்த்துத்தான் அடுத்த மாதப் பணத்தைப் பங்கிடுவார்கள். பரிந்துரை இணைப்பு பகிர்ந்து கமிஷனில் வாழ்கிறவர்களின் வருமானமும் அதில் இருக்கிறது. அதனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். அந்த அட்டவணையின் ஒவ்வொரு எண்ணும் ஏதோ ஒரு விதி வழங்கிய தீர்ப்பு. விதியைச் சொல்லாமல் எண்ணை மட்டும் யாரிடமும் நீட்டாதே.

ஒரு பெண் இன்ஸ்டாகிராம் விளம்பரத்தைத் தொட்டு உன் கடையில் ஒரு சேலையைப் பார்க்கிறாள். நான்கு நாள் கழித்துக் கூகுளில் கடையின் பெயரைத் தேடி, மேலே வரும் விளம்பரத்தைத் தொட்டு வாங்குகிறாள். கிளிக் செய்த ஏழு நாளுக்குள் நடந்த விற்பனையைத் தன் கணக்கில் சேர்ப்பது இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவின் வழக்கமான அமைப்பு; கூகுள் விளம்பரக் கணக்கும் அதே ஆர்டரைக் கோரும். கடைக்கு வந்ததோ ஒரே ஆர்டர். கடைசிக் கிளிக் விதிப்படி பார்த்தால் முழுப் பெருமையும் கூகுளுக்குப் போகும். பந்தியில் பாயசம் ஊற்றியவர்தான் விருந்தையே சமைத்தார் என்பது போன்ற கணக்கு இது.

2012இல் ஈபே, தன் பெயரைத் தேடுகிறவர்களுக்குக் காட்டும் விளம்பரங்களைச் சில தேடுபொறிகளில் நிறுத்திப் பார்த்தது. அந்தக் கிளிக்குகள் ஏறக்குறைய முழுவதும் காசில்லாத தேடல் முடிவுகள் வழியாகவே வந்து சேர்ந்தன. 2015இல் வெளியான அந்த ஆய்வைத் தேடிப் படி. விளம்பரம் இல்லாவிட்டாலும் வந்திருப்பாரா என்ற கேள்விக்கு எந்தக் கிளிக் கணக்கும் விடை தராது. நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்தது, கிளிக்குகளைக் குழுவாக்குவது. இணைப்பின் வாலில் ஒட்டும் யுடிஎம் குறிகளில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. ஒரே மூலம் இரண்டு வரியாகப் பிரிந்துவிடும். குறி ஒட்டாமல் வாட்ஸ்அப்பில் பகிர்ந்த இணைப்பு பெரும்பாலும் ‘டைரக்ட்’ குழுவில் போய் விழும். ஆகவே அந்தக் குழுவை ‘எங்கிருந்து வந்தார் என்று தெரியாதவர்கள்’ என்றே படி. பணம் கட்ட வங்கிப் பக்கத்துக்குப் போய்த் திரும்பியவரை வங்கியே அனுப்பி வைத்ததாகக் கணக்கு காட்டலாம். பேமென்ட் கேட்வே முகவரிகளை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடு. ஆர்டர் முடிந்ததும் வரும் நன்றிப் பக்கத்தை மறுபடி திறந்தால் ஒரு விற்பனை இரண்டாகும். ஆர்டர் எண்ணை வைத்து இரட்டிப்பை நீக்கு.

குழுவாக்குவதற்கு முன்பிருந்த மூலப் பதிவை ஒருபோதும் அழிக்காதே. கிளிக் நேரம், குறிகள், முதலில் இறங்கிய பக்கம், ஆர்டர் எண் ஆகியவை அப்படியே இருக்கட்டும். எது எந்தக் குழு என்ற பட்டியலைத் தனியாக வை. மாற்றும்போதெல்லாம் தேதி எழுது. 2023இல் முதல் கிளிக், சமப்பங்கு உட்பட நான்கு கணக்கு முறைகளைக் கூகுள் தன் அனலிட்டிக்ஸிலிருந்து எடுத்துவிட்டது. மூலப் பதிவு கையில் இருக்கிறவருக்கு அதனால் நஷ்டமில்லை. வேண்டிய விதியைத் தானே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

கண்ணுக்குத் தெரியாத பங்கும் உண்டு. சஃபாரி உலாவி, ஸ்கிரிப்ட் எழுதும் குக்கீயை ஏழு நாளில் அழிக்கிறது; அதன் பிறகு வந்து வாங்குகிறவரைப் பழைய கிளிக்கோடு சேர்க்க முடியாது. 2021 ஏப்ரலில் வந்த ஐஓஎஸ் 14.5 முதல், பிற செயலிகளிலும் தளங்களிலும் பின்தொடர ஒரு செயலி பயனரிடம் அனுமதி கேட்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னவரைக் குறுக்கு வழியில் அடையாளம் காண முயலாதே. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இசைவைத்தான் முதன்மையாகக் கேட்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அவர் சொன்ன மறுப்பு மறுப்புதான்.

ஒவ்வோர் அட்டவணையின் தலையிலும் எந்த விதி, எத்தனை நாள் வரம்பு, எது விடுபட்டது என்று மூன்றையும் எழுது. யாரும் கேட்காவிட்டாலும் எழுது. கமிஷன் குறைந்த ஒருவர் காரணம் கேட்டு வந்தால், அவர் முன்னால் பதிவைத் திறந்து காட்டி விளக்க உன்னால் முடிய வேண்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்