கோப்பி மேசைக்குள் ஒரு குளம்

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். லயத்துக்குப் பின்னால் ஓடிய கால்வாயில், பால் கோப்பையால் மீன் பிடிப்போம். குந்தி உட்கார்ந்து, கோப்பைக்குள் சுற்றும் மீனின் முதுகை மேலிருந்து பார்த்துக்கொண்டே இருப்போம். ஈப்போவில் வீடு வாங்கியதும், அதே மாதிரி குனிந்து பார்க்கிற தொட்டி ஒன்றை வரவேற்பறையில் வைக்க ஆசைப்பட்டேன். கோப்பி மேசையையே தொட்டியாக்கினேன். செய்து முடிக்க எட்டு மாதம் ஆனது. அதில் கற்றவை இவை.

மரத்தில் அவசரம் வேண்டாம்

மேசைக்குக் கித்தாக் கட்டைதான், அதாவது ரப்பர் மரக் கட்டைதான் வேண்டும் என்று முடிவு செய்தேன். 1877இல் கோலகங்சாரில் நட்ட கன்றுகளோடு எங்கள் பேராக் மாநிலத்தில் வேரூன்றிய மரம் அது. 25, 30 ஆண்டில் பால் குறைந்ததும் வெட்டிவிடுவார்கள். முன்பெல்லாம் அது விறகுதான்; இப்போது நாற்காலி, மேசையாகிறது. தெரிந்தவர் கொடுத்த பச்சைப் பலகையை வாங்கி அப்படியே இழைத்தேன். இரண்டே வாரத்தில் நீலப்பூசணம் படர்ந்தது. பிறகு வண்டு போட்ட துளைகளிலிருந்து மாவு மாவாகக் கொட்டியது. கித்தாக் கட்டையில் மாவுச்சத்து அதிகம். அறுத்தவுடனே மருந்தேற்றி, சூளையில் உலர்த்தாவிட்டால் பூசணமும் வண்டும் விடாது. பதப்படுத்திய பலகையாகக் கேட்டு வாங்குங்கள். வார்னிஷை மேல்புறம் மட்டுமல்ல, அடிப்புறம், வெட்டுமுனை எங்கும் மூன்று பூச்சு கொடுங்கள்.

மேசை முடிந்ததும் அம்மா அதன் காலைத் தடவிப் பார்த்து, “நாம அடுப்புல வெச்சு எரிச்ச கட்டைதானே இது?” என்றார். முப்பது வருடம் பால் வெட்டியவர்.

பாரத்தைப் பிரித்துவிடுங்கள்

இதுதான் முக்கியம். மேசையின் பாரம் தொட்டியின் மேல் இறங்கக் கூடாது. என் தொட்டி 90 செ.மீ. நீளம், 40 அகலம், 25 உயரம். 20 செ.மீ. வரை நீர் ஊற்றினால் 72 லிட்டர். தண்ணீர் மட்டுமே 72 கிலோ. அதற்குத் தரையில் நிற்கும் தனிச் சட்டம், மேலே கனமான பிளைவுட், அதன்மேல் மெல்லிய ஃபோம் விரிப்பு. மேசையின் மேல் கண்ணாடியைச் சுமப்பது வெளிச்சட்டத்தின் நான்கு கால்கள். யாராவது மேசையில் கையூன்றி எழுந்தாலும் தொட்டிக்கு ஒன்றும் ஆகாது.

தொட்டிக்கு 6 மி.மீ. கண்ணாடி போட்டேன். மேசைக்கு 10 மி.மீ. டெம்பர்டு கண்ணாடி. அதை டெம்பர் செய்த பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது. அளவை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டே ஆர்டர் கொடுங்கள். பூசணத் தடுப்பு மருந்து கலக்காத சிலிக்கனால் ஒட்டி, ஒரு வாரம் காயவிட்டு, வெளியே வைத்து நீர் நிரப்பிச் சோதியுங்கள். தொட்டிக்கும் மேல் கண்ணாடிக்கும் நடுவே 8 செ.மீ. இடைவெளி விட்டேன். கை நுழையவும் காற்று போகவும் அது வேண்டும். மூடிவைத்தால் நம் ஊர் வெக்கையில் நீர் சூடேறும். சூடான நீரில் பிராணவாயு குறையும். மின்கம்பியைப் பிளக்குக்குக் கீழே தொங்கவிட்டு மேலேற்றுங்கள். அப்போது கம்பி வழியே வழியும் நீர் பிளக்குக்குப் போகாமல் கீழே சொட்டிவிடும்.

கல்லும் மீனும்

ஈப்போ இருக்கும் கிந்தா பள்ளத்தாக்கு சுண்ணாம்புக் குன்றுகளின் நாடு. அழகாக இருக்கிறதே என்று அந்தக் கல்லில் நான்கைத் தொட்டிக்குள் அடுக்கினேன். சிற்றோடை மீனான ரஸ்போராவை விட்டேன். ஒவ்வொன்றாகச் செத்தன. அவை வாழ்வது மென்மையான, லேசான அமிலத்தன்மை உள்ள நீரில். சுண்ணாம்புக் கல்லோ நீரைக் கடினமாக்கும். எந்தக் கல்லானாலும் முதலில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு.

என் பங்குக்கு இன்னொரு தவறும் உண்டு. நீரை நிரப்பிய மூன்றாம் நாளே மீனை விட்டேன். கழிவிலிருந்து வரும் அமோனியாவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் ஃபில்டரில் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை பொறுத்திருக்க வேண்டும்.

மேலிருந்து பார்க்கும் தொட்டிக்கு எல்லா மீனும் பொருந்தாது. ரஸ்போராவின் அழகு அதன் விலாவில். முதுகிலிருந்து பார்த்தால் ஒரு கோடுதான். இரண்டாம் முறை ஆண் கப்பி மீன்களை விட்டேன். வால் விசிறிபோல விரிவது மேலிருந்தே தெரியும். கடின நீரும் அவற்றுக்கு ஒத்துவரும். வெள்ளைத் தரையில் மீன் வெளிறிவிடும். கருமணல் போட்டதும் நிறம் எழுந்தது.

வாரத்துக்கு 15 லிட்டர் நீர் மாற்றுகிறேன். புது நீரில் குளோரின் நீக்கும் மருந்து கலந்தே ஊற்றுகிறேன். பழைய நீர் கறிவேப்பிலைக்குப் போகிறது.

சத்தத்தையும் கவனியுங்கள். கோப்பியைக் கண்ணாடியில் ‘டக்’கென்று வைத்தால் மீன்கள் சிதறி ஓடும். கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே ரப்பர் வில்லை ஒட்டினேன். கோப்பைக்குத் துணி விரிப்பு வைத்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா கோப்பையை ஓசைப்படாமல் வைத்துவிட்டுக் குனிகிறார். கப்பிகள் அவர் நிழல் விழும் இடத்தில் மேலேறி வந்து வாய் திறக்கின்றன.