நிழற்படமும் நில அளவையும்

உத்தராகண்ட மாநிலத்துச் சமோலி மாவட்டத்தில், 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 7-ஆம் நாள் காலை, ரோண்டி என்னும் இமயச் சிகரத்தின் ஒரு புறம் பாறையும் பனிக்கட்டியுமாகப் பெயர்ந்து வீழ்ந்தது. அது சேறும் நீருமாகி ரிஷிகங்கை, தௌலிகங்கை ஆறுகளின் வழியே பாய்ந்து இரண்டு நீர்மின் திட்டங்களைச் சிதைத்தது. இருநூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போயினர். பெயர்ந்தது ஏறக்குறைய 2 கோடியே 70 இலட்சம் கன மீட்டர் என்றும், அதனுள் ஐந்தில் நான்கு பங்கு பாறை, எஞ்சியது பனிக்கட்டி என்றும் அறிஞர் பின்னர்க் கணித்தனர். அச்செங்குத்தான மலைமுகத்தில் சங்கிலி பிடித்து அளந்தவர் எவருமிலர். அங்ஙனமாக, இக்கணக்கு எவ்வாறு கிடைத்தது?

வீழ்ச்சிக்கு முன்னும் பின்னும் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்களினின்று மலையின் உருவத்தை இருமுறை அமைத்து, ஒன்றினின்று ஒன்றைக் கழித்தே அதனைக் கண்டனர். இவ்வளவை நூலைப் போட்டோகிராமெட்ரி என்பர். அதன் அடிப்படை நம் முகத்திலேயே உளது. ஒரு விரலை எதிரே நீட்டி, இடக்கண்ணாலும் வலக்கண்ணாலும் மாறி மாறி நோக்கினால் விரல் இடம் பெயர்வதுபோல் தோன்றும். விரல் அண்மையதாயின் பெயர்ச்சி மிகும், சேய்மையதாயின் குறையும். அவ்வாறே, வெவ்வேறிடத்தினின்று எடுத்த படங்களில் ஒரே பாறையைக் கண்டு அதன் பெயர்ச்சியை அளந்தால், அப்பாறை இருக்கும் இடமும் உயரமும் புலனாகும். இலட்சக்கணக்கான புள்ளிகளைக் கணினி இங்ஙனம் கண்டு முக்கோணங்களாக இணைக்க, நிலத்தின்மேல் வலை விரித்தாற்போன்ற ஓர் உருவம் எழும்.

கழித்தல் எளிது. கழிக்குமுன் இரண்டு வலைகளையும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வைத்தலே அரிது. படங்கள் மட்டும் தரும் உருவம் முப்புறமும் நகரக்கூடும், மூன்று அச்சுக்களிலும் திரும்பக்கூடும், பெருகவோ சிறுகவோ கூடும். ஆக ஏழு அளவுகள் தெரியவேண்டும். படக்கருவி இருந்த இடத்தைக் குறித்து வைத்திருப்பினும், சில மீட்டர் பிழை எஞ்சிநிற்றல் உண்டு.

கணிதத்துக்கு அஞ்சித் தமிழ் எடுத்துக்கொண்ட நம்மனோர்க்கு இதனை விளக்க ஏடுகளே போதும். ஒரு நூலின் இரண்டு பிரதிகளை ஒப்பிடுகின்றோம். ஒன்றில் முதற்பாட்டு ஏடு உதிர்ந்துபோயிற்று. அதை உணராமல் முதலாவதை முதலாவதோடும் இரண்டாவதை இரண்டாவதோடும் வைத்துப் பார்த்தால், நூல் முழுவதுமே பாடபேதமாகத் தோன்றும்! இரண்டிலும் மாறாதிருக்கும் பாட்டுக்களை முதலிற் கண்டு அவற்றை நேர்நிறுத்திய பின்னரே மெய்யான பேதம் விளங்கும். நிலத்திலும் அஃதே முறை. மாறியதைக் காணப் புகுவோர் மாறாததை முதலில் தேடவேண்டும்.

அங்ஙனம் தேடாதொழியின் விளையும் கேட்டைப் பார்ப்போம். புதிய வலை கிழக்கே 2 மீட்டர் நகர்ந்திருப்பதாகக் கொள்வோம். கிழக்கு நோக்கிய சரிவுகளெல்லாம் உயர்ந்தனபோலவும், மேற்கு நோக்கியன தாழ்ந்தனபோலவும் காட்டும். 45 பாகைச் சரிவில் அப்பொய்யுயரம் 2 மீட்டராகும்; 30 பாகையில் ஏறக்குறைய 1.15 மீட்டர், சமவெளியில் ஒன்றுமில்லை. ஒரு சதுரக் கிலோமீட்டர் பரப்பில் ஒரு மீட்டர் பொய்யுயரம் நேர்ந்தாலே 10 இலட்சம் கன மீட்டர் மண் இல்லாமலே பிறந்துவிடும்.

இப்பிழையையே மருந்தாக்கினர் ஆஸ்லோ பல்கலைக்கழகத்து நத், கேப் என்னும் இருவர். 2011-இல் வெளியிட்ட முறையில், அசையாத நிலத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் காணும் உயர வேறுபாட்டை அவ்விடத்துச் சரிவின் டான்ஜென்டால் வகுத்து, சரிவு நோக்கும் திசையின்படி வரிசைப்படுத்தினர். வலை நகர்ந்திருப்பின் அவ்வெண்கள் ஓர் அலைபோல் ஏறியிறங்கும். அலையின் உயரம் நகர்ந்த தூரத்தையும், முகடு நகர்ந்த திசையையும் காட்டும். பிழை தன் அளவைத் தானே சொல்லிவிடுகின்றது. நமக்கு இம்முறை மிகவும் அழகியதாகத் தோன்றுகின்றது.

1992-இல் பெஸ்ல், மக்கே என்போர் வெளியிட்ட மற்றொரு முறையும் பெருவழக்காயுள்ளது. ஒரு வலையின் ஒவ்வொரு புள்ளிக்கும் மற்றதில் மிக அண்மைய புள்ளியை இணையாகக் கொண்டு, இணைகளின் இடைவெளி குறையுமாறு வலையை நகர்த்தி, மீண்டும் இணை தேடி, மீண்டும் நகர்த்துவர். ஆயினும் கணினிக்குச் சரிந்த நிலம் எது, சரியாத நிலம் எது என்னும் அறிவு இல்லை. மலைச்சரிவையும் பனியாற்றையும் விலக்காமல் விட்டால், அவற்றின் மாறுதலை ஊரெங்கும் பங்கிட்டுப் பொருத்திவிடும். மெய்யான மாற்றம் குறைந்தும், அசையாத பாறை அசைந்தும் தோன்றும். எவ்விடத்தை விலக்குவது என்று துணிதல் மனிதர் கடமை. பாறையை நம்பலாம், வளரும் காட்டையும் புதிதாய்ப் பெய்த பனியையும் நம்பலாகாது.

பொருத்திய பின்னும் அசையாத நிலத்தில் வேறுபாடு முற்றும் நீங்குவதில்லை. அவ்வெச்சமே அளவையின் நேர்மைக்குச் சான்று. ஓரிடத்துத் தனியே கண்ட மாற்றம் அவ்வெச்சத்தினும் சிறிதாயின், அதனை மாற்றம் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

இவ்வளவு கவலையும் எதற்கெனின், இமயத்துப் பனியாறுகளின் கணக்கு இதனாலேயே கிடைத்தது. அமெரிக்க வேவுச் செயற்கைக்கோள்களாகிய ஹெக்ஸகன், 1970-களில் எடுத்த சுருள்களைக் கூண்டுகளில் அடைத்துப் பூமிக்கு அனுப்பின. பின்னாளில் வெளியான அப்பழம்படங்களினின்று உயர உருவம் அமைத்து, பனியற்ற நிலத்தைத் துணையாகக் கொண்டு பிற்கால உருவங்களோடு பொருத்தினர் மோரர் முதலிய ஆராய்ச்சியாளர். 2019-இல் வெளிவந்த அவர்தம் முடிவு, 2,000 கிலோமீட்டர் நீளத்தில் 650 பனியாறுகளைப் பற்றியது. 1975 முதல் 2000 வரை அவை சராசரியாக ஆண்டுக்கு 22 சென்டிமீட்டர் ஆழ நீருக்கு ஒப்பான பனியை இழந்தன. 2000 முதல் 2016 வரை ஆண்டுக்கு 43 சென்டிமீட்டர்.